முதல் அசைன்மென்ட் எழுதும்போது கம்ப்யூட்டர் எப்படி உதவும்?

பிளஸ் டூ முடித்து கல்லூரியில் சேர்ந்தவுடன் வீட்டில் லேப்டாப் வாங்கித் தருகிறார்கள். முதல் மாதம் சினிமா, கேம்ஸ், போட்டோ என்று போய்விடும். இரண்டாவது மாதம் கல்லூரியில் அசைன்மென்ட் தருவார்கள். அப்போதுதான் லேப்டாப்புக்கு உண்மையான வேலை ஆரம்பிக்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு பெண் பி.ஏ. பொருளாதாரம் சேர்ந்தார். அவர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான். 'சென்னையின் குடிநீர்' என்ற தலைப்பில் முதல் அசைன்மென்ட். ஒரே இரவில் 14 பக்கம் தயாரித்து, பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங்கும் போட்டுக் கொடுத்துவிட்டார். மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி: "இதில் நீ எழுதியது எது?"

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பைல்ல ஏதோ தப்பு இருக்கு போல, கொஞ்சம் பாருங்க அங்கிள்" என்றார். திறந்து பார்த்தேன். முதல் பாரா ஓர் எழுத்துருவில், அடுத்தது வேறு ஒன்றில். நடுவே நான்கு வரிகளுக்குப் பின்னால் சாம்பல் நிறப் பட்டை. ஏரிகளின் பெயர்கள் மட்டும் நீல நிறத்தில், அடிக்கோட்டுடன். ஒரு பாராவின் முடிவில் "மேலும் படிக்க" என்றுகூட இருந்தது! இதைக் கண்டுபிடிக்க எந்த ஆசிரியருக்கும் தனி சாஃப்ட்வேர் தேவையில்லை.

"எனக்கு காலேஜ் ஒத்து வராது போலிருக்கு" என்றார் அந்தப் பெண். அவர் செய்தது ஏமாற்று வேலை அல்ல, பள்ளியில் பழகியதைத்தான் செய்தார். பள்ளியில் புத்தகத்தில் உள்ளதை வரி மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண். கல்லூரியில் அதே காரியத்துக்கு வேறு பெயர். இந்த மாற்றத்தை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. கம்ப்யூட்டர் வேறு, காப்பி, பேஸ்ட் என்ற இரண்டு கட்டளைகளைக் கைக்கு மிக அருகில் வைத்துவிட்டது.

தலைப்பைக் கேள்வி ஆக்குங்கள்

'சென்னையின் குடிநீர்' என்று தேடினால் இண்டர்நெட்டில் வந்து குவியும். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டி ஒட்டத்தான் தோன்றும். எனவே முதலில் தலைப்பை ஒரு கேள்வியாக மாற்ற வேண்டும்.

நாங்கள் இப்படிச் செய்தோம். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. சட்டம் வந்து 16 ஆண்டுகள் கழித்து ஏன் இந்த நிலை? இதுதான் கேள்வி. கேள்வி கிடைத்ததும் தேவையில்லாதவை தாமாகவே விலகிவிட்டன. சென்னை நகரம் உருவான வரலாறு வேண்டாம். தண்ணீர் உயிர்களுக்கு எவ்வளவு அவசியம் என்ற முதல் இரண்டு பக்கங்களும் வேண்டாம்! நான்கு ஏரிகள், வீராணம், கிருஷ்ணா நீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உள்ள கடல்நீர் ஆலைகள், நிலத்தடி நீர் ஆகியவை மட்டும் போதும்.

இந்தக் கேள்வியை வேர்டில் புதிய டாகுமெண்ட் திறந்து முதல் வரியாக டைப் செய்து வையுங்கள். எழுதும்போதெல்லாம் கண்ணில் படட்டும். கடைசியில் அழித்துக்கொள்ளலாம்.

எங்கே தேடுவது?

கூகுளில் தேடினால் முதலில் வருபவை எல்லாம் நம்பத் தகுந்தவை அல்ல. கூகுள் ஸ்காலர் என்று ஒரு தனித் தேடல் பக்கம் இருக்கிறது. 2004-ல் தொடங்கப்பட்டது, இலவசம். ஆய்வுக் கட்டுரைகள், நூல்கள் போன்றவற்றை மட்டும் தேடித் தரும். பல முடிவுகளின் கீழே 'சைட்டட் பை' என்று ஒரு எண்ணுடன் இணைப்பு இருக்கும். அந்தக் கட்டுரையைப் பின்னால் யார் யார் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள் என்று அதில் பார்க்கலாம். ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் போதும், நூல் பிடித்தாற்போல் மற்றவற்றுக்குப் போய்விடலாம்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் படிக்க சோத்கங்கா என்ற தளம் உள்ளது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இதை நடத்துகிறது. தமிழ் இலக்கிய மாணவர்களுக்கு மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்நூலகம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் ஆகியவை பெரிய புதையல். மூன்றுக்கும் பணம் கட்ட வேண்டாம்.

விக்கிப்பீடியாவைப் பார்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாராளமாகப் பாருங்கள். ஆனால் கட்டுரையின் அடியில் உள்ள சான்றுப் பட்டியலுக்கு இறங்கிப்போய், அங்கே உள்ள மூலத்தைத் திறந்து படித்து, அதையே உங்கள் ஆதாரமாகக் காட்டுங்கள். ஆசிரியர்கள் விக்கிப்பீடியா பெயரைப் பார்த்ததும் முகம் சுளிப்பது, அதில் யார் வேண்டுமானாலும் மாற்றம் செய்ய முடியும் என்பதால்தான்.

குறிப்பு எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது

காப்பி அடிப்பது எழுதும்போது நடப்பதாக நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது குறிப்பு எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. தளத்திலிருந்து நான்கு வரி காப்பி செய்து வைக்கிறோம். ஒரு வாரம் கழித்துப் பார்க்கும்போது அது நாம் எழுதியதா, எடுத்ததா என்றே தெரிவதில்லை. அப்படியே உள்ளே போய்விடுகிறது.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. படிக்கும் கட்டுரையைத் திரையின் இடது பாதியிலும், குறிப்பு எழுதும் டாகுமெண்டை வலது பாதியிலும் வையுங்கள். விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு இடது அம்புக் குறியை அழுத்தினால் அந்த விண்டோ இடது பாதிக்குப் போய்விடும். வலது பாதிக்கு வலது அம்புக் குறி. இப்போது ஒரு பகுதியைப் படியுங்கள். படித்து முடித்ததும் கட்டுரை விண்டோவைச் சிறிதாக்கிவிடுங்கள். ஆம், மறைத்துவிட வேண்டும்! பிறகு புரிந்ததை உங்கள் மொழியில் இரண்டு வரி டைப் செய்யுங்கள். எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள். திரும்பத் திறந்து படியுங்கள்.

மூலத்தின் வரியே அப்படியே வேண்டும் என்றால், அதை மேற்கோள் குறிக்குள் போட்டு, எழுத்தின் நிறத்தைச் சிவப்பாக மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு குறிப்பின் அருகிலும் ஆசிரியர் பெயர், தலைப்பு, ஆண்டு, பக்க எண் ஆகியவற்றை அப்போதே எழுதிவிட வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் சமர்ப்பிக்கும் நாளுக்கு முதல்நாள் இரவு ஹிஸ்டரியைத் தோண்டிக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சொற்களை மட்டும் மாற்றினால் போதாதா? ஓர் உதாரணம் பாருங்கள். மூலத்தில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டதால் நகரின் குடிநீர் விநியோகம் கடுமையாகக் குறைக்கப்பட்டது." அந்தப் பெண்ணின் முதல் முயற்சி: "2019 வெயில் காலத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்ற நான்கு ஏரிகளும் காய்ந்துபோனதால் நகரத்தின் குடிதண்ணீர் சப்ளை மிகவும் குறைக்கப்பட்டது." சட்டையை மாற்றியிருக்கிறார், ஆள் அதே ஆள்தான். வாக்கிய அமைப்பு மாறவில்லை, கருத்தின் வரிசையும் மாறவில்லை. இதையும் காப்பி என்றுதான் சொல்வார்கள்.

விண்டோவை மறைத்துவிட்டு, இன்னொரு கட்டுரையையும் படித்த பிறகு அவர் எழுதியது இது: "நான்கு ஏரிகளுக்கும் நீர் தருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை. அது பொய்த்தால் நான்கும் சேர்ந்தே காலியாகின்றன. 2019-ல் இதுதான் நடந்தது. மிஞ்சியவை வீராணமும் கடல்நீர் ஆலைகளும்தான்." இதில் அவருடைய யோசனை ஒன்று இருக்கிறது. நான்கு ஏரி என்பது நான்கு தனித்தனி ஆதாரம் அல்ல என்று அவராகக் கண்டுபிடித்துவிட்டார். இதற்கும் கீழே இரண்டு கட்டுரைகளின் பெயரையும் கொடுக்கத்தான் வேண்டும். செய்தி அவர்களுடையது, சேர்த்துப் பார்த்தது இவருடையது.

விதி என்ன சொல்கிறது?

பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் எழுத்துத் திருட்டு பற்றி விதிமுறைகள் வெளியிட்டது. ஒற்றுமை 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை முதல் நிலை, 40-க்கு மேல் 60 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை. மூன்றாம் நிலையில் ஆய்வு மாணவரின் பதிவே ரத்தாகும். ஆனால் இந்த விதிகள் முதுகலை, ஆய்வுப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளுக்கும் வெளியிடப்படும் கட்டுரைகளுக்கும்தான். அசைன்மென்ட், பிராஜெக்ட் ரிப்போர்ட், விடைத்தாள் ஆகியவை இதில் சேர்க்கப்படவில்லை. முதலாண்டு மாணவர்கள் இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உங்கள் கல்லூரிக்கு என்று தனி விதி இருக்கலாம், அதை ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

வேர்டில் எழுதும்போது

பலரும் தலைப்பு என்றால் எழுத்தைப் பெரிதாக்கி போல்டு செய்கிறார்கள். பார்க்கத் தலைப்பு போல இருக்கும், ஆனால் அது தலைப்பு என்று வேர்டுக்குத் தெரியாது. தலைப்பு வரியில் கர்சரை வைத்து ஹோம் டேபில் ஸ்டைல்ஸ் பகுதியில் உள்ள ஹெட்டிங் 1 என்பதைக் கிளிக் செய்யுங்கள். துணைத் தலைப்புக்கு ஹெட்டிங் 2. கீபோர்டில் கண்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் ஹெட்டிங் 1 வந்துவிடும்.

இதனால் என்ன லாபம்? முதலாவது, வியூ டேபில் நேவிகேஷன் பேன் என்பதை டிக் செய்தால் தலைப்புகள் எல்லாம் இடது ஓரத்தில் வரிசையாக நிற்கும். ஒரு தலைப்பை மவுஸால் பிடித்து மேலே இழுத்தால் அதன் கீழ் உள்ள பாராக்களும் சேர்ந்து நகரும். கட்டுரையின் எலும்புக்கூட்டை அப்படியே பார்த்து மாற்றி அமைக்கலாம். இரண்டாவது, ரெஃபரன்சஸ் டேபில் டேபிள் ஆஃப் கண்டென்ட்ஸ் கிளிக் செய்தால் பொருளடக்கம் பக்க எண்களோடு தயார். பின்னால் பக்கம் மாறினால் அதன் மேல் ரைட் கிளிக் செய்து அப்டேட் ஃபீல்டு கொடுத்தால் போதும். புள்ளி புள்ளியாக வைத்துப் பக்க எண் டைப் செய்யும் வேலை இனி வேண்டாம்.

புதிய பக்கத்துக்குப் போக என்டர் கீயைப் பதினைந்து முறை தட்டாதீர்கள். கண்ட்ரோல் கீயுடன் என்டர் தட்டினால் அடுத்த பக்கம். வரி இடைவெளிக்கு கண்ட்ரோல் 5 என்றால் ஒன்றரை, கண்ட்ரோல் 2 என்றால் இரட்டை.

எதை முதலில் எழுதுவது? முன்னுரையில் ஆரம்பித்துத்தான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். தட்டச்சு இயந்திரத்தில் அப்படி எழுதினால் நியாயம். கம்ப்யூட்டரில் எங்கிருந்தும் தொடங்கலாம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பகுதியை முதலில் எழுதுங்கள். முன்னுரையைக் கடைசியில் எழுதினால் கட்டுரையில் உண்மையில் என்ன இருக்கிறதோ அதை அறிமுகம் செய்வீர்கள்.

ஆதாரங்களைக் காட்ட ரெஃபரன்சஸ் டேபிலேயே இன்சர்ட் சைட்டேஷன் உள்ளது. அதில் ஆட் நியூ சோர்ஸ் கிளிக் செய்தால் ஒரு பார்ம் போல வரும். ஆசிரியர், தலைப்பு, ஆண்டு என்று நிரப்பி ஓகே கொடுங்கள். முடிவில் பிப்ளியோகிராஃபி கிளிக் செய்தால் பட்டியல் முழுவதும் அகர வரிசையில் வந்துவிடும். ஏ.பி.ஏ., எம்.எல்.ஏ. என்று முறைகள் பல. எது வேண்டும் என்பதைத் துறையில் கேட்டு, அருகில் உள்ள ஸ்டைல் பெட்டியில் தேர்ந்தெடுங்கள். வேர்டு வாங்க வசதி இல்லாதவர்கள் இலவசமான லிப்ரே ஆபீஸுடன் சொட்டெரோ என்ற இலவச சாஃப்ட்வேரைச் சேர்த்துப் பயன்படுத்தலாம். எனக்குச் சொட்டெரோதான் பிடிக்கும். நீங்கள் படிக்கும் கட்டுரையின் விவரங்களை பிரவுசரிலிருந்து ஒரே கிளிக்கில் எடுத்து வைத்துக்கொள்ளும்.

தமிழில் டைப் செய்பவர்களுக்கு

பழைய எழுத்துருக்களில் டைப் செய்த அசைன்மென்ட், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எனவே யூனிகோடில் மட்டும் டைப் செய்யுங்கள். விண்டோஸிலேயே தமிழ்99 கீபோர்டு இருக்கிறது, 2019-ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து கிடைக்கிறது. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதிக்குப் போய் தமிழைச் சேர்த்து, அதன் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸில் ஆட் எ கீபோர்டு கொடுத்துத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறி மாறிப் போகலாம். பத்து நாள் பொறுமையாகப் பழகினால் பட்டம் வாங்கும் வரை கை கொடுக்கும்.

ஏ.ஐ.யிடம் எழுதச் சொல்லலாமா?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு காப்பி அடிக்கும் முறையே மாறிவிட்டது. கேட்டால் எழுதித் தருகிறது, அழகாகவும் தருகிறது. சிக்கல் எங்கே என்றால், இல்லாத நூலுக்கும் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் கொடுத்துவிடும். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் அது தந்த பொய்யான தீர்ப்புகளை நீதிமன்றத்தில் அப்படியே தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. படித்துத் தேறிய வக்கீல்களே மாட்டிக்கொண்டார்கள், முதலாண்டு மாணவர் எம்மாத்திரம்?

கல்லூரி அனுமதித்தால் இதை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். புரியாத ஆங்கிலப் பாராவை எளிமையாக விளக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதைக் கொடுத்து, எந்த இடத்தில் ஆதாரம் குறைகிறது என்று கேளுங்கள். அது சொல்லும் நூல் எதையும் கூகுள் ஸ்காலரிலோ நூலகத்திலோ கண்ணால் பார்க்காமல் பட்டியலில் சேர்க்காதீர்கள். இன்னொன்று: கூகுள் டாக்ஸில் எழுதினால் ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி என்று இருக்கும். எந்த நாள், எந்த நேரம், என்ன மாற்றினீர்கள் என்பது முழுவதும் பதிவாகியிருக்கும். "இது நீ எழுதியதா?" என்று யாராவது கேட்டால் திறந்து காட்டிவிடலாம்.

பைலைக் காப்பாற்றுங்கள்

'அசைன்மென்ட்', 'அசைன்மென்ட் புதியது', 'அசைன்மென்ட் ஃபைனல்', 'ஃபைனல் ஃபைனல்' என்று நான்கு பைல் வைத்துக்கொண்டு தவறானதைப் பிரிண்ட் எடுப்பவர்கள் உண்டு. பெயரின் முன்னால் ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எண்களைப் போடுங்கள். போல்டரில் தாமாகவே வரிசையாக நிற்கும். பாடத்துக்கு ஒரு போல்டர் போதும்.

லேப்டாப்பில் ஒரு பிரதி, கூகுள் டிரைவில் ஒன்று. கூகுள் கணக்குடன் 15 ஜிபி இடம் இலவசமாகக் கிடைக்கிறது, எழுத்து வேலைக்கு அது ஏராளம். பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள். பிரவுசிங் சென்டரில் செருகி எடுத்தால் வைரஸும் கூடவே வீட்டுக்கு வரும். பிரிண்ட் எடுக்கப் போகும்போது பி.டி.எஃப். ஆக மாற்றி எடுத்துச் செல்லுங்கள். ஃபைல் மெனுவில் சேவ் ஆஸ் போய், கீழே டைப் என்ற இடத்தில் பி.டி.எஃப். தேர்ந்தெடுங்கள். கடையில் எந்த எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் பக்கம் கலையாது.

தேர்வுக்குப் படிக்க

எழுதுவதைப் பற்றியே பேசிவிட்டோம், படிப்பதற்கும் ஒரு வார்த்தை. பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் படிப்பது என்று நினைக்கிறோம். 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைப் பல முறை வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்ததில், வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். நம் பாட்டிகள் சின்ன வயதில் "ஒப்பி, பார்க்கலாம்" என்று புத்தகத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டது சரியான வழிதான்.

இதற்கு ஆங்கி என்ற சாஃப்ட்வேர் கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டு போனிலும் இலவசம். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று அட்டைகள் தயாரிக்க வேண்டும். விடை சுலபமாக வந்ததா, கஷ்டப்பட்டு வந்ததா என்று நீங்கள் கிளிக் செய்வதை வைத்து, அந்த அட்டையை மறுபடி எந்த நாளில் காட்டுவது என்று அதுவே கணக்குப் போடும். யாரோ தயாரித்த அட்டைகளை டவுன்லோடு செய்யாதீர்கள். அட்டை தயாரிக்கும்போதுதான் பாதிப் படிப்பு நடக்கிறது. நம் தெருப் பெண் வகுப்பு முடிந்த அன்றே பாடத்துக்கு ஐந்து அட்டை என்று வைத்திருக்கிறார், பஸ்ஸில் போகும்போது போனில் புரட்டுகிறார்.

அவருடைய அசைன்மென்ட் இரண்டாவது முறை ஆறு பக்கம்தான் வந்தது. ஸ்பைரல் பைண்டிங் போடவில்லை. இந்த முறையும் சிவப்பு மை நிறைய இருந்தது: இந்த எண்ணுக்கு ஆதாரம் எங்கே, இந்தப் பாராவை இரண்டாகப் பிரி, 2003 சட்டம் எத்தனை வீடுகளில் உண்மையில் நடைமுறைக்கு வந்தது என்று பார். கொண்டுவந்து காட்டிவிட்டு, கடைசிக் கேள்விக்கு விடை எங்கே தேடலாம் என்று கேட்டார். சோத்கங்காவைத் திறந்தோம்.